பக்தியும் பணமும்: கிறிஸ்தவ நோக்கு

பாட அறிமுகம்



"பணத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் என்ன கூறுகின்றது?" என வினவினால், பெரும்பாலானோர் உடனே தரும் விடை, "பணம் தீமைக்கு வேர்" என்பதாகும். இவ்விடை பிழையானது. 1 தீமோத்தேயு 6:10 இல் வேர் எனச் சுட்டப்படுவது பணத்தின் மீதுள்ள ஆசையே. ஒரு சொல் விடுபட்டதால் கருத்து முழுவதும் மாறிவிட்டதைக் கவனியுங்கள். பணமே தீயது எனக் கொண்டால், இயேசுவின் ஊழியத்தைத் தமது உடைமைகளால் தாங்கிய பெண்களை (லூக்கா 8:1-3) எவ்வாறு விளக்குவது? இயேசுவின் உடலைத் தமது சொந்தக் கல்லறையில் அடக்கம் செய்த செல்வந்தரான அரிமத்தியா ஊர் யோசேப்பை (மத்தேயு 27:57-60) எங்கே சேர்ப்பது?

மறுபுறத்தில், "பக்தியாக இருந்தால் கடவுள் பணம் தருவார்" என நம்புவோரும் உள்ளனர். அதுவும் வேதாகமத்தின் முழுப் போதனை அன்று. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே கிறிஸ்தவ நம்பிக்கை நிற்கும் இடத்தை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,

• பணம் பற்றிய கிறிஸ்தவ அடிப்படைக் கருத்துகளை விளக்குவீர்கள்.
• பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு ஆகியவற்றிலிருந்து பொருத்தமான ஆதாரங்களைக் காட்டுவீர்கள்.
• உண்மையான காணிக்கைக்கும் கடவுளோடு செய்யப்படும் "வியாபாரத்திற்கும்" உள்ள வேறுபாட்டை இனங்காண்பீர்கள்.
• அன்றாட வாழ்வில் பணத்தைப் பொறுப்புடன் கையாளும் வழிகளை எடுத்துரைப்பீர்கள்.

1. அடிப்படைக் கருத்துகள்

அ) பணம் தன்னளவில் தீயதன்று

படைப்பு யாவும் நல்லது என்பது ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தின் போதனை. நிலம், தானியம், மந்தை, உழைப்பின் பயன் ஆகிய யாவும் கடவுளின் கொடைகளே. பிலிப்பி நகரில் பவுலின் போதனையைக் கேட்டு நம்பிக்கை கொண்ட லீதியாள், விலையுயர்ந்த இரத்தாம்பரம் விற்கும் வணிகப் பெண்மணி ஆவார். அவரது வீடே அவ்வூர் விசுவாசிகள் கூடும் இடமாயிற்று (அப்போஸ்தலர் 16:14-15, 40).

ஆ) பணம் ஓர் எசமானாக மாறக்கூடியது

மத்தேயு 6:24, லூக்கா 16:13 ஆகிய பகுதிகளில் இயேசு செல்வத்தைக் குறிக்க "மாமோன்" என்ற அரமேயச் சொல்லைப் பயன்படுத்துகின்றார். அங்கே அவர் செல்வத்தைக் கைக்கு அடக்கமான ஒரு கருவியாகக் காட்டவில்லை. கட்டளையிடும் ஓர் எசமானாகவே காட்டுகின்றார். ஓர் அடிமை இரண்டு எசமானருக்கு முழுமையாகப் பணிசெய்ய இயலாதது போல, ஒருவரது இருதயம் கடவுளுக்கும் செல்வத்திற்கும் சமமாக அடிபணிய இயலாது. எனவே பணத்தின் மீதான பேராசை வெறும் ஒழுக்கக் குறைபாடு மாத்திரமன்று. அது வழிபாடு சம்பந்தப்பட்ட விடயம். கொலோசெயர் 3:5 பொருளாசையை விக்கிரக ஆராதனையோடு இணைத்துப் பேசுவதற்குக் காரணம் இதுவே.

இ) மனிதன் உரிமையாளன் அல்லன், உக்கிராணக்காரன்

உக்கிராணக்காரன் என்பவன் எசமானின் சொத்தைப் பராமரித்துக் கணக்குக் கொடுக்கும் பொறுப்பாளன் ஆவான். லேவியராகமம் 25:23 இன்படி நிலம் கடவுளுக்கே உரியது. மக்கள் அதில் தங்கிச் செல்வோர் மட்டுமே. நம்மிடம் உள்ளதைப் பற்றி நாம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே கிறிஸ்தவப் பொருளாதார ஒழுக்கத்தின் அத்திவாரம் எனலாம்.

நினைவிற் கொள்க: கொடை, எசமான், உக்கிராணம் ஆகிய மூன்று சொற்களையும் மனதிற் பதித்துக்கொண்டால் இப்பாடத்தின் எந்த வினாவிற்கும் விடையைத் தொடங்கிவிடலாம்.

2. பழைய ஏற்பாட்டின் போதனை

2.1 ஏழைகளைக் காக்கும் சட்டங்கள்

இஸ்ரவேலரின் நியாயப்பிரமாணம் வழிபாட்டையும் பொருளாதாரத்தையும் வெவ்வேறு பெட்டிகளில் வைக்கவில்லை. பின்வரும் சட்டங்களை நோக்குக.

• வயலின் ஓரங்களை முற்றாக அறுக்காமல், சிந்திய கதிர்களை ஏழைகளுக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் (லேவியராகமம் 19:9-10). போவாசின் வயலில் ரூத் கதிர் பொறுக்கியது இதன் அடிப்படையிலேயே.
• ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கலாகாது. அடகாகப் பெற்ற மேலாடையைச் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் (யாத்திராகமம் 22:25-27). ஏழைக்கு இரவில் போர்த்துக்கொள்ள அது ஒன்றே உண்டு என்பதே அதற்குக் காரணம்.
• ஏழு வருடங்களுக்கு ஒருமுறை கடன் விடுதலை வழங்கப்பட வேண்டும் (உபாகமம் 15:1-11).
• ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி ஆண்டில் கைமாறிய நிலம் பழைய குடும்பத்திற்குத் திரும்ப வேண்டும் (லேவியராகமம் 25).
• மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தசமபாகம் ஊரிலேயே வைக்கப்பட்டு லேவியர், அந்நியர், திக்கற்றோர், விதவைகள் உண்டு திருப்தியடைய வேண்டும் (உபாகமம் 14:28-29).

இறுதியாகக் கூறப்பட்டதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். தசமபாகம் என்றவுடன் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு மட்டுமே பலருக்கு நினைவில் இருக்கின்றது. அது யாருடைய பசியைத் தீர்த்தது என்பதே உபாகமம் நமக்குக் காட்டும் பக்கம்.

2.2 தீர்க்கதரிசிகளின் கண்டனம்

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெக்கோவா ஊரவரான ஆமோஸ், வட இராச்சியமாகிய இஸ்ரவேலில் தீர்க்கதரிசனம் உரைத்தார். அது இரண்டாம் யெரொபெயாம் அரசனின் காலம். நாடு செழித்திருந்தது, பெத்தேல் ஆலயத்தில் பலிகளும் பாடல்களும் குறைவின்றி நடந்தன. ஆயினும் ஆமோஸ் கண்ட காட்சிகள் வேறு.

முதலாவது காட்சி: அடகாக வாங்கிய ஏழையின் ஆடையை விரித்து, அதன்மேல் செல்வந்தர் பலிபீடத்தின் அருகிலேயே சாய்ந்துகொள்கின்றனர் (ஆமோஸ் 2:8). சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டிய அதே ஆடை அது. பக்தி நடைபெறும் இடத்திலேயே அநீதியும் விரிக்கப்பட்டிருக்கின்றது.

இரண்டாவது காட்சி: வணிகர் ஓய்வுநாள் எப்போது முடியும் எனக் காத்திருக்கின்றனர். முடிந்தவுடன் கள்ளத் தராசைக் கொண்டு தானியம் விற்பதே அவர்களது எண்ணம் (ஆமோஸ் 8:4-6). அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை. உடல் ஆராதனையில் இருக்க, இருதயம் கடையில் இருந்தது.

ஆகவேதான் அத்தகைய பண்டிகைகளையும் காணிக்கைகளையும் கடவுள் ஏற்பதில்லை என்றும், நீதி ஆற்றைப்போல் ஓடவேண்டும் என்றும் ஆமோஸ் முழங்கினார் (ஆமோஸ் 5:21-24).

2.3 நடுநிலையான ஒரு வேண்டுதல்

வறுமையைப் பழைய ஏற்பாடு புகழ்வதில்லை. நீதிமொழிகள் 30:7-9 இல் ஒருவர் தமக்கு வறுமையும் வேண்டாம், மிகுந்த செல்வமும் வேண்டாம் எனக் கேட்கின்றார். செல்வம் மிகுந்தால் கடவுளை மறந்துவிடலாம். வறுமை மிகுந்தால் திருடத் தோன்றலாம் என்பது அவரது அச்சம். வறுமையின் கொடுமையை அறிந்த ஒருவரின் நேர்மையான வேண்டுதல் இது.

3. இயேசுவின் போதனை

3.1 காணிக்கை பற்றிய எச்சரிக்கைகள்

இயேசு காணிக்கையை மறுக்கவில்லை. ஆயினும் காணிக்கை எவ்வாறு கெட்டுப்போகின்றது என்பதை அவர் பல தடவைகள் எடுத்துக் காட்டினார்.

கொர்பான் (மாற்கு 7:9-13): கொர்பான் என்பது கடவுளுக்கென நேர்ந்துவிடப்பட்ட காணிக்கையைக் குறிக்கும். சிலர் தமது உடைமையைக் கொர்பான் என அறிவித்துவிட்டு, வயதான தாய் தந்தையரைப் பராமரிக்கும் கடமையிலிருந்து தப்பித்துக்கொண்டனர். கடவுளின் பெயரால் பெற்றோரைப் பட்டினி போடுவது கடவுளின் கட்டளையையே அவமாக்குவதாகும் என இயேசு கண்டித்தார்.

ஒப்புரவு (மத்தேயு 5:23-24): பலிபீடத்தருகே வந்தபின் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும்.

அந்தரங்கம் (மத்தேயு 6:1-4): பிறர் காணும்படி தருமம் செய்பவர் தேடியது புகழ், அது கிடைத்ததோடு அவரது கணக்கு முடிந்துவிட்டது.

அற்பமானதும் பிரதானமானதும் (மத்தேயு 23:23): கீரை, சீரகம் ஆகியவற்றில்கூடப் பத்திலொன்றைக் கணக்கிட்டுக் கொடுத்தவர்கள், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டனர்.

ஆலயச் சுத்திகரிப்பு (மாற்கு 11:15-17): காசு மாற்றுவோரின் பலகைகளையும் புறா விற்போரின் ஆசனங்களையும் இயேசு கவிழ்த்தார். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியற்ற ஏழைகளின் காணிக்கையே புறா (லேவியராகமம் 12:8). இயேசு குழந்தையாக ஆலயத்திற்குக் கொண்டுவரப்பட்டபோது மரியாளும் யோசேப்பும் செலுத்திய காணிக்கையும் இதுவே (லூக்கா 2:24). ஏழைகளின் பக்தியில் இலாபம் பார்ப்பது எத்தகையது என்பதை இந்தப் பின்னணியோடு சிந்தியுங்கள்.

3.2 பணத்தின் முன் நால்வர்

அ) செல்வந்தரான வாலிபன் (மாற்கு 10:17-22; மத்தேயு 19:16-22)
கட்டளைகளைச் சிறுவயது முதலே கைக்கொண்டவன். இயேசு அவன்மேல் அன்புகூர்ந்தார் என மாற்கு குறிப்பிடுகின்றார். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்தொடருமாறு அழைத்தபோது துக்கத்தோடு திரும்பிச் சென்றான். அவனுக்குப் பக்தி இருந்தது, சுதந்திரம் இருக்கவில்லை.

ஆ) சகேயு (லூக்கா 19:1-10)
எரிகோ நகரில் வரி வசூலிப்போரின் தலைவன். இயேசு தன் வீட்டிற்கு வந்தபின் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறினான். எல்லாவற்றையும் விற்குமாறு இயேசு அவனிடம் கேட்கவில்லை. அவன் தருமம் மட்டும் செய்யாமல், ஏமாற்றப்பட்டவர்களுக்கு இழப்பீடும் கொடுத்தான். தருமம் நீதிக்குப் பதிலீடு ஆகாது.

இ) பெத்தானியா மரியாளும் யூதாசும் (யோவான் 12:1-8)
மரியாள் இயேசுவின் பாதங்களில் பூசிய நளத தைலம் முந்நூறு தெனாரி பெறுமதியானது. ஒரு தெனாரி என்பது கூலியாளின் ஒரு நாட் சம்பளம் (மத்தேயு 20:2). எனவே அது ஏறத்தாழ ஓர் ஆண்டு உழைப்பின் பெறுமதி. இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என யூதாஸ் கேட்டான். கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆனால் பணப்பையை வைத்திருந்த அவன் அதிலிருந்து திருடி வந்தவன் என யோவான் குறிப்பிடுகின்றார். பின்னர் அவனே முப்பது வெள்ளிக்காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்தான் (மத்தேயு 26:14-16). ஏழைகள் எப்போதும் உங்களுடன் இருப்பர் என்ற கருத்தில் இயேசு கூறியதைச் சிலர் ஏழைகளைக் கவனிக்காதிருக்கச் சாட்டாக எடுத்துக்கொள்வர். அவ்வார்த்தை உபாகமம் 15:11 ஐ நினைவூட்டுவதாகும். அங்கே அதனைத் தொடர்ந்து வருவது ஏழைக்குக் கையைத் தாராளமாகத் திறக்க வேண்டும் என்ற கட்டளையே.

ஈ) ஏழை விதவை (மாற்கு 12:41-44, லூக்கா 21:1-4)
ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் செல்வந்தர் மிகுதியாகப் போட, ஒரு விதவை இரண்டு சிறு காசுகளைப் போட்டாள். அவை இரண்டும் சேர்ந்து ஒரு தெனாரியின் 64 இல் ஒரு பங்கு. எல்லோரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்பது இயேசுவின் மதிப்பீடு. மற்றவர்கள் மிஞ்சியதிலிருந்து கொடுத்தனர். அவளோ பிழைப்பிற்கு இருந்ததைக் கொடுத்தாள்.

3.3 விதவையின் காணிக்கையை எவ்வாறு வாசிப்பது?

நீங்கள் சிறுவயதிலிருந்தே கேட்டுவரும் விளக்கம் தியாக உணர்வு பற்றியதாகும். கடவுள் தொகையைப் பார்ப்பதில்லை. கொடுத்தபின் கையில் எஞ்சியிருப்பதைப் பார்க்கின்றார். இவ்விளக்கம் சரியானதே.

எனினும் இப்பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் வாசியுங்கள். முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கிக்கொண்டு நீண்ட ஜெபம் செய்யும் வேதபாரகரை இயேசு கண்டிக்கின்றார் (மாற்கு 12:38-40). பின்னால், ஆலயத்தின் அழகிய கற்களைச் சீடர் வியந்தபோது, அக்கட்டடம் இடிந்துபோகும் என்கின்றார் (மாற்கு 13:1-2). இவ்விரண்டிற்கும் நடுவே கடைசிக் காசையும் போட்டுவிட்டு ஒரு விதவை போகின்றாள். விதவையைத் தாங்க வேண்டிய ஆலயம் அவளிடமிருந்து கடைசிக் காசையும் பெற்றுக்கொள்கின்றது. அவளது பக்தி போற்றுதற்குரியது. அவளை அந்நிலையில் விட்ட அமைப்பு கண்டனத்திற்குரியது. வேத அறிஞர் சிலர் வலியுறுத்தும் இவ்விரண்டாவது விளக்கம் முதலாவதை மறுப்பதில்லை, அதனை முழுமையாக்குகின்றது.

ஏழைகளிடம் இப்பகுதியைக் காட்டி, "நீங்களும் கடைசிக் காசைக் கொடுங்கள்" என வற்புறுத்துவது பொருந்துமா? இயேசு அவளைப் பார்த்தார்; அவளது ஈகையைச் சீடருக்குச் சுட்டிக்காட்டினார். அவளிடம் எதையும் கேட்கவில்லை.

4. ஆதித் திருச்சபையின் நடைமுறை

• பகிர்தல்: விசுவாசிகள் உடைமைகளை விற்று, தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டனர் (அப்போஸ்தலர் 2:44-45; 4:32-37). சீப்புரு தீவைச் சேர்ந்த பர்னபா நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலரிடம் ஒப்படைத்தார்.
• உண்மை: அனனியாவும் சப்பீராளும் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு முழுவதும் கொடுத்ததாகக் காட்டினர் (அப்போஸ்தலர் 5:1-11). நிலமும் பணமும் அவர்களது அதிகாரத்திலேயே இருந்தன என்பதைப் பேதுரு தெளிவுபடுத்துகின்றார். குறைவாகக் கொடுத்தமை அவர்களது குற்றம் அன்று, பொய்யே குற்றம்.
• விற்பனைக்கு அல்ல: சமாரியாவில் மாயவித்தைக்காரனான சீமோன், பரிசுத்த ஆவியை வழங்கும் அதிகாரத்தைப் பணம் கொடுத்து வாங்க முயன்றான், பேதுரு அவனைக் கடுமையாகக் கண்டித்தார் (அப்போஸ்தலர் 8:18-24). திருச்சபைப் பதவிகளையும் அருட்கொடைகளையும் விற்கும் குற்றத்திற்குப் பிற்காலத்தில் அவனது பெயரே வழங்கலாயிற்று.
• சுயவிருப்பு: எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் நிதி சேகரித்தார். கட்டாயத்தாலன்றி அவரவர் மனதில் தீர்மானித்தபடி மகிழ்ச்சியோடு கொடுக்குமாறு கேட்டார் (2 கொரிந்தியர் 9:7). ஒருவரை வருத்தி மற்றவரை வாழவைப்பது தமது நோக்கமன்று, சமநிலையே நோக்கம் என்றார் (2 கொரிந்தியர் 8:13-14).
• கணக்குக் காட்டுதல்: அப்பணத்தைக் கொண்டுசெல்ல நம்பிக்கைக்குரிய வேறு சகோதரரையும் நியமித்தார். கடவுள் முன்பாக மட்டுமன்றி மனிதர் முன்பாகவும் நேர்மையாக இருப்பதே காரணம் (2 கொரிந்தியர் 8:18-21).
• பாரபட்சமின்மை: பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல ஆசனமும் கந்தை அணிந்தவருக்கு நிற்கும் இடமும் கொடுக்கும் சபையை யாக்கோபு கண்டிக்கின்றார் (யாக்கோபு 2:1-4). பிடித்து வைக்கப்பட்ட கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகின்றது என்ற கருத்தையும் அவர் முன்வைக்கின்றார் (யாக்கோபு 5:4).

5. திருச்சபை வரலாற்றில் சில முன்மாதிரிகள்

எகிப்தின் அந்தோனியார் (கி.பி. 251 அளவில் – 356): செல்வந்தரான வாலிபனின் கதை ஆலயத்தில் வாசிக்கப்படக் கேட்டு, தமக்கு முதுசமாகக் கிடைத்த நிலத்தைக் கொடுத்துவிட்டுத் துறவியானார்.

செசரியாவின் பசிலியார் (330 அளவில் – 379): பஞ்சகாலத்தில் தானியத்தைப் பதுக்கியோரைக் கண்டித்துப் பிரசங்கித்தார். நகருக்கு வெளியே நோயாளர், ஏழைகள், வழிப்போக்கர் தங்கும் இல்லங்களை நிறுவினார். அந்தோனியார் செல்வத்தைத் துறந்தார். பசிலியார் அதனைப் பொதுநலத்திற்காக ஒழுங்குபடுத்தினார். இரண்டும் கிறிஸ்தவ மரபின் வழிகளே.

அசிசியின் பிரான்சிஸ் (1181/82 – 1226): துணி வணிகரின் மகன். தந்தையின் செல்வத்தைத் துறந்து ஏழ்மையைத் தாமாக விரும்பி ஏற்றார்.

மார்ட்டின் லூதர் (1483 – 1546): பாவத்தின் தண்டனைக் குறைப்பிற்கான பலன்சீட்டுகள் பணத்திற்கு வழங்கப்பட்டதை எதிர்த்து 1517இல் 95 கருத்துரைகளை வெளியிட்டார். பின்னர் கத்தோலிக்கத் திருச்சபையும் இம்முறைகேட்டைத் திருத்தியது. பணத்தோடு தொடர்புபட்ட பலன்களைப் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் 1567இல் நீக்கினார். இறை இரக்கத்திற்கு விலை நிர்ணயிக்க முடியாது என்பதே இதன் படிப்பினை.

ஜோன் வெஸ்லி (1703 – 1791): மெதடிஸ்த இயக்கத்தின் முன்னோடி. பணத்தின் பயன்பாடு பற்றி 1760இல் வெளியான பிரசங்கத்தில், பிறருக்குத் தீங்கின்றி இயன்றளவு உழைத்தல், வீண்செலவின்றி இயன்றளவு சேமித்தல், இயன்றளவு கொடுத்தல் என மூன்று நெறிகளைக் கூறினார். ஒக்ஸ்போர்ட் இளைஞர் ஒருவர் ஆண்டிற்கு 30 பவுண் பெற்றபோது 28 பவுணில் வாழ்ந்து எஞ்சியதைக் கொடுத்தார் என்றும், வருமானம் 60, 90, 120 என உயர்ந்தபோதும் அதே 28 பவுணிலேயே வாழ்ந்தார் என்றும் மற்றொரு பிரசங்கத்தில் எழுதினார். அவ்விளைஞர் வெஸ்லியே எனக் கருதப்படுகின்றது. வெஸ்லியின் வழிவந்த மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தனர்.

புனித யோசேப் வாஸ் (1651 – 1711): ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த வேளை, 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைத் தாமே பராமரித்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் இவரைப் புனிதராகப் பிரகடனப்படுத்தினார்.

6. எமது வாழ்வில்

மாணவர்களே, "நாங்கள் இன்னும் உழைக்கவில்லையே, எங்களுக்கும் பணத்திற்கும் என்ன?" என எண்ணலாம். உங்களில் சிலரது வீட்டில் வகுப்புக் கட்டணத்திற்கே தாயின் சங்கிலி அடகுக்குப் போயிருக்கும். வேறு சிலரது வீட்டில் வெளிநாட்டிலிருந்து தந்தையோ அண்ணனோ அனுப்பும் காசில் குடும்பம் நடக்கும். பணம் உங்களை ஏற்கனவே தொட்டுவிட்டது. எனவே பின்வருவனவற்றைச் சிந்தியுங்கள்.

கடவுளோடு வியாபாரம் வேண்டாம். பரீட்சையில் சித்தியடைந்தால் இவ்வளவு போடுவேன் என நேர்வதும், காணிக்கை கொடுத்தால் பன்மடங்கு திரும்பி வரும் எனக் கணக்குப் பார்ப்பதும் மாமோனின் வழியையே ஆலயத்திற்குள் கொண்டுவருவதாகும். நன்றியாகக் கொடுப்பது காணிக்கை. விலையாகக் கொடுப்பது வியாபாரம். எவராவது உங்கள் குடும்பத்தின் நோயையோ கடனையோ காட்டிப் பயமுறுத்திப் பணம் கேட்டால், 2 கொரிந்தியர் 9:7 ஐ நினைவிற் கொள்ளுங்கள்.

வறுமை பாவத்தின் தண்டனை அன்று. யோபுவின் நண்பர்கள் அவரது இழப்பிற்கு அவரது பாவமே காரணம் என வாதிட்டனர். அவர்கள் சரியானதைப் பேசவில்லை என்றே நூலின் முடிவில் கடவுள் கூறுகின்றார் (யோபு 42:7). கால் கிழிந்த சப்பாத்தோடு வகுப்பிற்கு வரும் நண்பன் கடவுளின் ஆசீர்வாதம் குறைந்தவன் அல்லன்.

சிறிய அளவிலும் நேர்மை. கடையில் மிகுதிக் காசு கூடுதலாகத் தரப்பட்டால் திருப்பிக் கொடுத்தல், வகுப்பு நிதிக்குக் கணக்கு வைத்தல், வாங்கிய கடனைத் திருப்புதல் என்பனவும் பக்தியின் செயல்களே. சோறு ஆக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பிறருக்கென ஒதுக்கிவைக்கும் பிடியரிசி வழக்கத்தை உங்கள் பாட்டிமார் அறிவர். அது பெரிய தொகையன்று. ஆயினும் நாள்தோறும் அடுப்பருகே அயலவனை நினைக்கச் செய்வது.

நெருக்கடியில் வெளிப்படும் மனம். 2022இல் எமது நாடு பெரும் பொருளாதார நெருக்கடிக்கு உள்ளானபோது, எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வேளையில் பொருட்களைப் பதுக்கியோரும் இருந்தனர். அயலவருக்கு உணவு சமைத்து வழங்கியோரும் இருந்தனர். லூக்கா 12:13-21 இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வந்தனின் உவமையோடு இதனை ஒப்பிடலாம். விளைச்சல் மிகுந்தது அவனது குற்றமன்று. தனக்குள் அவன் பேசிய பேச்சில் தன்னைத் தவிர வேறொருவரும் இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

7. பரீட்சைக்கான பயிற்சி

பகுதி 1: பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க

1. "மாமோன்" என்ற சொல் குறிப்பது,
(1) ஆலயத்தை (2) செல்வத்தை (3) ஓய்வுநாளை (4) வரியை

2. கொர்பான் பற்றிய இயேசுவின் கண்டனம் பிரதானமாகத் தொடர்புபடுவது,
(1) பெற்றோரைப் பராமரித்தல் (2) உபவாசம் (3) வரி செலுத்துதல் (4) ஓய்வுநாள் ஆசரிப்பு

3. அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகக் கூறியவர்,
(1) மத்தேயு (2) பர்னபா (3) சகேயு (4) நிக்கொதேமு

4. அடகு ஆடைமேல் பலிபீடத்தருகே சாய்ந்திருப்போரைக் கண்டித்த தீர்க்கதரிசி,
(1) யோனா (2) ஆமோஸ் (3) தானியேல் (4) ஆகாய்

விடைகள்: 1-(2), 2-(1), 3-(3), 4-(2)

பகுதி 2: கட்டமைப்பு வினா

(அ) ஏழைகளைப் பாதுகாக்கும் பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள் இரண்டினைக் குறிப்பிடுக.
(ஆ) அனனியா, சப்பீராள் ஆகியோரின் குற்றம் யாது?
(இ) செல்வந்தரான வாலிபனையும் சகேயுவையும் ஒப்பிட்டு, செல்வம் பற்றிய அவர்களது மனப்பாங்கை விளக்குக.
(ஈ) "காணிக்கை கடவுளோடு செய்யும் வியாபாரம் அன்று." இக்கூற்றினை வேத ஆதாரங்களுடன் ஆராய்க.

(ஈ) வினாவிற்கான மாதிரி விடை:

காணிக்கை என்பது கடவுள் ஏற்கனவே தந்த கொடைகளுக்கு மனிதன் காட்டும் நன்றியாகும். நிலமும் அதன் பயனும் கடவுளுக்கே உரியவை என லேவியராகமம் 25:23 போதிப்பதால், மனிதன் கொடுப்பதற்குப் பிரதியுபகாரம் கேட்க இடமில்லை. அருட்கொடையைப் பணத்திற்கு வாங்க முயன்ற சீமோனைப் பேதுரு கண்டித்தமை, கடவுளின் வரம் விற்பனைக்கு உரியதன்று என்பதைக் காட்டுகின்றது. காணிக்கை கட்டாயத்தால் அன்றி மகிழ்ச்சியோடு கொடுக்கப்பட வேண்டும் எனப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். திரும்பப் பெறும் எதிர்பார்ப்பின்றி ஏழை விதவை தன் பிழைப்பிற்கான காசைக் கொடுத்ததை இயேசு உயர்வாக மதித்தார். மேலும், நீதியற்றோரின் காணிக்கையைக் கடவுள் ஏற்பதில்லை என்பது ஆமோஸ் தீர்க்கதரிசியின் போதனை. எனவே பணத்தால் கடவுளை இணங்கச் செய்ய முடியாது. நன்றி, நீதி, இரக்கம் ஆகியவற்றோடு கொடுக்கப்படுவதே உண்மையான காணிக்கையாகும்.

விடையெழுதும்போது கவனிக்க: ஆதாரத்தைக் குறிப்பிட்டதோடு நிறுத்தாது, அது வினாவோடு எவ்வாறு தொடர்புபடுகின்றது என ஒரு வாக்கியமேனும் எழுதுங்கள். "பண ஆசை" என எழுத வேண்டிய இடத்தில் "பணம்" என எழுதிவிடாதீர்கள்.

பாடச் சுருக்கம்

பணம் கடவுளின் கொடை. மனிதன் அதற்குப் பொறுப்பாளன். கொடையே எசமானாகும்போது பக்தி குலைகின்றது. ஏழையை மறந்த பலியை ஆமோஸ் நிராகரித்தார். பெற்றோரை மறந்த காணிக்கையை இயேசு நிராகரித்தார். கடவுளை நோக்கி நீளும் கை அயலவனை நோக்கியும் திறந்திருக்க வேண்டும் என்பதே இரு ஏற்பாடுகளும் ஒருமித்துக் கூறும் போதனையாகும்.

செயற்பாடு: வருகின்ற ஒரு வாரத்திற்கு உங்கள் கைச்செலவுக் காசை எதற்கெல்லாம் செலவிட்டீர்கள் என ஒரு தாளில் எழுதுங்கள். வார முடிவில் அதனை வாசித்து, அதில் உங்களைத் தவிர வேறு எவரேனும் இடம்பெற்றுள்ளனரா எனப் பாருங்கள். அத்தாளை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை.